சூசையின் இடது கால்

சூசை காலைத் தூக்கிக்கொண்டதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நான் மட்டுமா? மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை சனமும் பார்த்தது. எதிராளியின் கோல்கீப்பர் கீழே விழுந்து கிடக்கிறான். பந்து தானாக உருண்டு சூசையின் இடது காலுக்கு வருகிறது. தட்டினால் போதும். தட்டக்கூட வேண்டாம், கால் இருந்த இடத்தில் இருந்தாலே பட்டு உள்ளே போயிருக்கும். அந்தப் பாவி காலைத் தூக்கிக்கொண்டான். சாணியை மிதித்துவிடப் போகிறோமே என்று தூக்குவோமில்லையா, அப்படி.

கோபத்தில் நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். சூசை யாரென்று முதலில் சொல்கிறேன், அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

நான் சக்கரபாணி. முத்தியால்பேட்டை டீமின் கோல்கீப்பர். சூசையும் நானும் ஒரே தெரு, ஒரே பஞ்சாலை. 1954-இல், பிரெஞ்சுக்காரன் கொடி இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், துறைமுகத்துக்கு வந்த ஒரு பிரெஞ்சுக் கப்பலின் ஆட்களோடு ஆடினோம். அவர்கள் காலில் பூட்ஸ், எங்கள் காலில் வெறும் துணிக்கட்டு. சூசை இடது காலால் மூன்று கோல் போட்டான். மூன்றாவது கோல் எப்படி விழுந்தது என்று அவர்களுடைய கீப்பருக்குத் தெரியவே இல்லை. வலைக்குள் கிடந்த பந்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவனே கை தட்டினான். "கோஷ்! கோஷ்!" என்று கப்பல்காரர்கள் கத்தினார்கள். அவர்கள் பாஷையில் அதற்கு இடது என்று அர்த்தம். அன்றிலிருந்து அவன் கோஷ் சூசை.

அப்புறம் என்ன, ஊரே அவன் காலடியில் கிடந்தது. ரெட்டியார்பாளையத்திலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சலூனில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவன் படம் தொங்கியது. பிள்ளையைத் தூக்கிவந்து, "இது காலைக் கொஞ்சம் தொட்டுக் குடு சூசை" என்று கேட்ட தாய்மாரை நானே பார்த்திருக்கிறேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு தொடுவான்.

1958-இல் கடலூரில் ஓர் ஆட்டம். தடிமாடு மாதிரி ஒருத்தன் அவனுடைய இடது முழங்காலின் மேலேயே விழுந்தான். எலும்பு உடைந்த சத்தம் கோலில் நின்ற எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், இவன் நடந்தாலே பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டார்.

நடந்தான். ஓடினான். அடுத்த வருஷமே மைதானத்துக்கு வந்துவிட்டான். ஆனால் இடது கால் பந்தைத் தொடவில்லை. "அதுல பெலம் இல்லடா" என்றான், நம்பினோம். வலது காலை மட்டும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான். அந்த ஒற்றைக் காலாலேயே கோப்பை கோப்பையாக வாங்கினான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தாலும், பந்து இடது பக்கம் வந்தால் அவன் ஒரு சுற்றுச் சுற்றித்தான் அடிக்க வேண்டும், அதற்குள் மறித்துவிடுவார்கள். மதராஸிலிருந்து ஆள் எடுக்க வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள்.

1962-இல் ஆலையில் ஆட்குறைப்பு. சூசைக்கு வேலை போயிற்று. வீட்டில் பெண்டாட்டி அந்தோணிமேரி, இரண்டு பெண் குழந்தைகள். அந்த நேரத்தில்தான் அந்த வருஷத்துக் கோப்பை ஃபைனலைப் பார்க்க மதராஸிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் மேனேஜர் வந்தார். அவர் எடுத்துக்கொண்டால் ஆட்டமும் உண்டு, நிரந்தர வேலையும் உண்டு, குடியிருக்க வீடும் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் எங்களிடம் வந்து சொன்னார்: "வலது கால் எப்படின்னு எனக்குத் தெரியும் சூசை. இடது காலால ஒரே ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க, போதும்."

சூசை காலில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

ஆளுக்கு ஒரு கோல் என்று சமமாக நின்றது ஆட்டம். முடியப் போகிற நேரத்தில்தான் அந்தப் பந்து வந்தது. அவன் காலைத் தூக்கிக்கொண்டான். பந்து அடியில் ஓடிப் போயிற்று. அவர்கள் அதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்து, என் கைக்கு மேலே கோல் போட்டார்கள். விசில் ஊதிவிட்டது.

கூட்டத்தில் ஒருத்தன் ஆரம்பித்தான், "ஆட்டத்த வித்துட்டான்டா!" என்று. உடனே எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். காலைத் தொடக் குழந்தையை நீட்டிய அதே ஊர்தான். ஒரு பெரியவர் அவன் முன்னால் காறித் துப்பிவிட்டுப் போனார். மதராஸ் மேனேஜர் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

கூட்டம் கலைந்ததும் நான் போய் அவன் பனியனைக் கொத்தாகப் பிடித்தேன். அவன் காலைத் தூக்கிய அதே இடத்தில், கோலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

"யாருக்குடா வித்த?"

"இன்னா சக்கரு, நீயுமா?"

"பெலம் இல்லன்னா சும்மா வச்சிருந்தா போதுமேடா! எதுக்குடா தூக்கின? சொல்லு! சொல்லாம இங்கேந்து நகர முடியாது."

புல்லைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் தூங்குகிறான் என்று நினைத்து, அந்தோணிமேரி கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு வில்லியனூர் மாதாவிடம் வேண்டிக்கொண்டாளாம். இந்தக் கால் குணமானால், இனி இந்தக் கால் பந்தைத் தொடாது என்று. இவன் தூங்கவில்லை. கேட்டுவிட்டான்.

"அவ குடுத்த வாக்குடா. நான் எப்பிடி மீற முடியும்? மாதா குடுத்த காலு இது."

"உன் சம்சாரத்தாண்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாடா?"

"கேட்டா, பாவம், போனா போவுது அடின்னு சொல்லிடுவா. சொல்லிட்டான்னா எனக்கு ஆசை வந்துடும்."

அப்போதுதான் அந்தோணிமேரி ஓடி வந்தாள். தலை கலைந்து, மூச்சு இரைக்க. தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "இன்னாய்யா சொல்றாங்க? நீ வித்துட்டியாம்! உன்னப் போயி..." என்று அவன் எதிரே உட்கார்ந்து அவன் முகத்தைப் பிடித்து நிமிர்த்தினாள். என்னால் அடக்க முடியவில்லை. எனக்கு வாய் நிற்காது, அது ஊருக்கே தெரியும்.

"அவனை ஏம்மா கேக்கற? எல்லாம் உன் வேண்டுதல்தான்! நீ மாதாவுக்குக் குடுத்த வாக்குக்காகத்தான் காலைத் தூக்கிக்கினு நிக்கறான் உன் புருஷன்!"

"எந்த வாக்கு?" என்றாள். அப்புறம் அவள் கை தானாக வாய்க்குப் போயிற்று. "அண்ணா... அது அப்பவே தீந்து போச்சே!"

சூசை நிமிர்ந்து பார்த்தான்.

வேண்டிக்கொண்ட வாரமே மாதா கோயிலுக்குப் போய், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் கோயில் சாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் திட்டியிருக்கிறார். உன் காலாக இருந்தால் நீ நேர்ந்துகொள்ளலாம், அவனைக் கேட்காமல் அவன் காலை நேர்ந்துகொள்ள நீ யார் என்று. அந்த வாக்கு செல்லாது, அதற்குப் பதிலாக மாதாவுக்கு வெள்ளியில் ஒரு கால் செய்து வைத்துவிட்டு, ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்று என்றிருக்கிறார். செய்துவிட்டாள்.

"எப்போ?" என்றான் சூசை.

"உனக்கு மாவுக்கட்டு பிரிக்கறதுக்கு முன்னாடியே."

"முன்னாடியேவா?"

"முன்னாடியேதான்யா. நீ கேட்டது எனக்கு எப்பிடித் தெரியும்? சொன்னா திட்டுவியேன்னு உட்டுட்டேன். காலுல பெலம் இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிச்சி, நானும் அதான்னு நெனச்சேன்."

அடப் பாவிகளா! ஒரே பாயில் படுத்து எழுந்த இரண்டு பேர். நாலு வருஷம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால்! எனக்கு இரண்டு பேரையும் அறைய வேண்டும்போல இருந்தது. ஆனால் சூசையின் முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை. அவன் அழவில்லை, திட்டவில்லை. யாரோ புதிதாகக் கொண்டுவந்து ஒட்டவைத்ததுபோலத் தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தோணிமேரி எழுந்தாள். ஓரத்தில் கிடந்த எங்கள் டீம் பந்தை எடுத்தாள். ஃபுட்பால் மைதானத்துக்கு அவள் வந்ததே அன்றுதான் முதல் தடவை. பந்தை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல், குடத்தை இடுக்குவதுபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அவனுடைய இடது காலுக்கு முன்னால் வைத்தாள்.

"அடிய்யா. ஊரே பாத்துச்சி. நான் ஒரு தடவகூட பாத்ததில்ல."

சூசை எழுந்தான். என்னைப் பார்த்து, "போய் நில்லுடா" என்றான்.

போய் நின்றேன். வலையை அவிழ்த்துவிட்டிருந்தார்கள், வெறும் கம்பம்தான். நாலு வருஷமாகப் பந்தைத் தொடாத கால்தானே, கைக்கு வரும், பிடித்து அவன் மனம் நோகாமல் ஏதாவது சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

பந்து வந்ததை நான் பார்க்கவில்லை. காதோரம் காற்று அடித்தது, அவ்வளவுதான். என் கை இடுப்பைவிட்டு நகர்வதற்குள், பின்னால் தெருவோரத்து மதிலில் பந்து மோதிய சத்தம் கேட்டது. மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் எழும்பின.

அந்தோணிமேரி மதிலைப் பார்த்தாள். அவன் காலைப் பார்த்தாள். தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"அய்யோ மாதாவே, இதையா நான் வாணாம்னு வேண்டிக்கினேன்?"