கள்ளிமந்தாரை மாலை

மலாயாவில் பாலோ ஊருக்கு ரயில் வந்த புதிது. அங்கே கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் புல் வெட்டப் போகிற கிருஷ்ணம்மாவுக்குப் பூ என்றால் ஒரு கிறுக்கு. மரத்தடியில் ஒரு புல்லைக்கூட விட்டுவைக்கக் கூடாது என்பது துரை உத்தரவு. இவளோ உண்ணிப்பூவைக் கண்டால் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நின்றுவிடுவாள். ஒரே கொத்தில் மஞ்சள், ரோஜா, செம்மை, அடேயப்பா! காட்டோரம் மலாய்க்காரர் செண்டுடுக் என்கிற ஊதாப்பூ, துரை பங்களா வேலியில் வழியும் காகிதப்பூ, உள்ளே கல்வாழை என்று எதையும் அவள் கண் விட்டதில்லை.

கூட வேலை செய்யும் தனலெட்சுமிக்குக் கல்யாணம் என்றதும், "மாலை என் பொறுப்பு" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். உண்ணிப்பூ கட்டும்போதே உதிர்ந்தது. செண்டுடுக் வெயில் ஏறுமுன் சுருண்டது. மல்லிகைக்கு எங்கே போவது? கல்யாணத்தன்று காலை மலாய்க்காரர் குடியிருக்கும் கம்பத்துப் பக்கம் அலைந்தவள் கண்ணில் அந்த மரங்கள் பட்டன. கிளையெல்லாம் வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். ஊர்க் கோயில் வாசலில் நிற்கிற அதே கள்ளிமந்தாரை! மடி நிறையப் பறித்துக்கொண்டாள். எதிரே வந்த மலாய்க்கார அம்மா திகைத்து நின்று, "குபுர், குபுர்" என்று மரத்தடியைக் காட்டினாள். புல்லுக்குள் சோடி சோடியாகச் சின்னக் கற்கள். அது கல்லறைத் தோட்டம்.

அப்போதே கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை. கூலிகள் குடியிருக்கும் லயமே வாயைப் பிளக்கப்போகிற மாலையை அவள் மனசு அதற்குள் கட்டி முடித்திருந்தது.

லயமும் வாயைப் பிளந்தது. "இந்தக் கைக்குத் தங்கக் காப்புப் போடணும்" என்றார்கள்.

மாதம் திரும்பவில்லை, மாப்பிள்ளை அய்யாவு குளிர்காய்ச்சலில் விழுந்தான். தோட்டத்தில் யாருக்குத்தான் அந்தக் காய்ச்சல் வரவில்லை? ஆனால் மாமியார் பேச்சியம்மாளுக்கு அதெல்லாம் காதில் ஏறுமா? "மூதேவி! கால் வெச்ச நேரம், எம் புள்ளைய சாய்ச்சிட்டா" என்று கிணற்றடியில் எல்லார் முன்னாலும் மருமகளை ஏசினாள். பக்கத்தில் குடத்தோடு நின்ற கிருஷ்ணம்மாவுக்குக் கல்லறைப் பூதான் நினைவுக்கு வந்தது. சொன்னால் இனி யார் தன் கையால் பூ வாங்குவார்கள்? பாவி, வாயைத் திறக்கவில்லை. தினமும் கேட்டாள், தினமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கடைசியில் தனலெட்சுமியை அவள் அண்ணன் இருக்கும் சாஆ என்கிற ஊருக்கே திருப்பி அனுப்புவதென்று பேச்சாகி, பெட்டியும் கட்டியாயிற்று. அன்றுதான் கிருஷ்ணம்மா ஓடிப்போய்ப் பேச்சியம்மாள் காலில் விழுந்தாள்.

"பெரியம்மா, அவ மேல குத்தமில்ல. அந்த மாலைப் பூவு குபுருல பறிச்சது. தெரிஞ்சேதான் கட்டுனேன். அவள அனுப்பாதீங்க."

பேச்சியம்மாள் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். துடைப்பத்தைக்கூட எடுத்துவிட்டாள். அப்புறம் மூச்சு வாங்க உட்கார்ந்து மருமகளைப் பார்த்தாள்.

"பெட்டிய அவுத்து வைம்மா."

கிருஷ்ணம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து தனலெட்சுமியின் கையைப் பிடித்தாள். "இனிமே பூவே தொடமாட்டேன் தங்கச்சி. என்னை மன்னிச்சிரு."

தனலெட்சுமி மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"பூவு அழகாத்தான் இருந்துச்சுக்கா. அத எங்க பறிச்சா எனக்கென்ன? ஆனா அவங்க மூதேவி மூதேவின்னு ஏசினப்பெல்லாம், நீங்க என் பக்கத்துலதானே நின்னீங்க."

சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.