திரை கறுக்கும் வரை

திரையில் ஆமையை நகர்த்திக் கட்டம் வரைவது அன்றைய பாடம். மூன்றாம் வகுப்பு மும்முரமாக மவுசை உருட்டிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் அறைக் கதவு உதைபட்டுத் திறந்தது.

உள்ளே வந்தவன் டீச்சரின் அக்கா புருஷன். கையில் இரும்புக் குழாய். நுனியில் ரத்தமும் நாலு நீள முடியும். யாருடையது என்று டீச்சர் கேட்கவில்லை.

“எங்கடி என் பொண்ணு?”

முதல் வரிசையில் அவன் மகள் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டாள்.

“அத்தான், அதைக் கீழே போடுங்க. பிள்ளைங்க மிரளுது.”

“உங்க அக்காவும் இப்படித்தான் மரியாதையா பேசினா. வழிவிடு மச்சினி, இல்லேன்னா துணைக்கு உன்னையும் அனுப்பிடுவேன்.”

“பின்கதவு வழியா ஓடுங்க!” டீச்சர் அலறினாள்.

ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. அத்தனை கைகளும் மவுசைத் தட்டின. சேவ். க்ளோஸ். ஷட்டவுன். திரை கறுக்குமுன் எழுந்தால் ஒரு வாரம் கம்ப்யூட்டர் கிடையாது என்று மிரட்டி வைத்தவள் அவளேதான்.

“எழுந்திருங்கடா!”

“திரையில வட்டம் இன்னும் சுத்துது டீச்சர்!” ஒருவன் அழுதான்.

குழாய் சுழன்றது. ஒரு மானிட்டர் சில்லு சில்லாகச் சிதறியது. அடுத்த வீச்சில் டீச்சரின் காது கிழிந்து தொங்கியது. தட்டுத் தடுமாறி மெயின் சுவிட்சை இறக்கினாள். விளக்கு அணைந்தது, திரைகள் அணையவில்லை. கரண்ட் போனாலும் பிள்ளைகளின் வேலை பாழாகக் கூடாதென்று அவளே சண்டை போட்டு வாங்கிய யுபிஎஸ் கீ கீ என்று கத்தியது.

மேஜைக்கடியில் பாய்ந்தாள். முதுகில் குழாய் இறங்கியது. விலா எலும்பு முறிவது அவளுக்கே கேட்டது. யுபிஎஸ்ஸின் தடித்த வயரைப் பிடித்து இழுத்தாள்.

எல்லாத் திரையும் ஒரே நொடியில் கறுத்தது.

நாற்காலிகள் உருள, பிள்ளைகள் பின்கதவுக்குப் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். அவன் தாவி மகளின் பின்னலைப் பிடித்தான்.

“சித்தீ!”

டீச்சர் அவன் முதுகில் ஏறினாள். பிடுங்கிய வயர் அவன் கழுத்தைச் சுற்றியது. அவளைச் சுவரோடு மோதினான். மறுபடி மோதினான். அவள் வாயிலிருந்து பல்லும் ரத்தமும் தெறித்தன. பின்னல் கைநழுவியது.

“திரும்பிப் பாக்காதே, ஓடு!”

வாட்ச்மேனும் ஹெட்மாஸ்டரும் வந்தபோது அவன் குப்புறக் கிடந்தான். மேலே டீச்சர், வயரை இறுக்கியபடி.

“விடுங்கம்மா. ஆள் எப்பவோ போயிட்டான்.”

அவள் விடவில்லை. இருவருமாக அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.