இரண்டாவது புருஷன்

சவப்பெட்டியின் தலைமாட்டில் திமோத்தி வைத்த படத்தை எடுத்துவிட்டு இன்பராணி வேறொன்றை வைத்தாள். அவள் குசினிக்குப் போய் வருவதற்குள் பழைய படமே மறுபடியும் அங்கே இருந்தது.

"அண்ணி, அண்ணனுக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்றான் திமோத்தி.

அவன் வைத்தது, கோட்டும் டையும் போட்டு உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கும் யூஜின். அவள் வைத்தது, ஜொகூர் பந்து அணியின் ஜெர்சியை முன்பின்னாக மாட்டிக்கொண்டு வாய் கொள்ளாமல் சிரிக்கும் யூஜின். இரண்டு படங்களுக்கும் நடுவே ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் ஒரு லோரி வந்து மோதியிருந்தது.

சிங்கப்பூரில் வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பியபோது நடந்தது அது. கைகால் தேறிவிட்டது. ஆனால் கேஸ் அடுப்பைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோவார். பக்கத்துத் தெருவில் வழி தெரியாமல் நிற்பார். சில நாள் சோற்றுத் தட்டு சுவரில் போய் விழும். அளந்து பேசிய மனிதர் மனசில் பட்டதையெல்லாம் கொட்டத் தொடங்கினார். பிரசங்கம் நீண்டால் கோயிலிலேயே எழுந்து, "ஃபாதர், பசிக்குது" என்பார். முதல் வருடம் முழுக்க இன்பராணி அழுதாள். பிறகு ஒருநாள் அவளையும் அறியாமல் சிரித்துவிட்டாள்.

நேற்று மதியம் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர், சோபாவில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வெளியே கூடாரத்தின் கீழே சாவு வீட்டுக்கான களையே இல்லை. "என் ரசத்தக் குடிச்சிட்டு, 'அக்கா, இன்னிக்கு மழத் தண்ணி புடிச்சிங்களா'ன்னு கேட்டாரு லா!" என்று பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி சொல்ல, சுற்றியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். திமோத்தி மட்டும் கைகட்டி நின்றான்.

வக்கீல் சந்திரமதி கோர்ட்டிலிருந்து கறுப்புக் கோட்டோடே வந்து சேர்ந்தார். யூஜினின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இன்பராணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

விபத்து வழக்கை நடத்தியவர் அவர்தான். "ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் காட்டல. ஆள் நடக்குறாரு, பேசுறாரு, சிரிக்கிறாரு, அப்புறம் என்ன குறைன்னு எதிர்த்தரப்பு கேக்கும். டாக்டர மட்டும் நம்புனா தோத்துடுவோம். அடிபடுறதுக்கு முந்தி இவரு எப்படி இருந்தாருன்னு தெரிஞ்சவங்க வந்து பேசணும்" என்று அன்றே சொன்னார்.

அப்படித்தான் திமோத்தி சாட்சிக்கூண்டில் ஏறினான். "எங்க அண்ணன் நாலு பேரு இருக்கிற எடத்துல வாயே தொறக்கமாட்டாரு. இவரு வேற ஆளு" என்றான். அடுத்து இன்பராணி. இரண்டு இரவு தூங்காமல் யோசித்து வைத்ததை ஒரே மூச்சில் சொன்னாள்: "நான் கட்டிக்கிட்டவரு அந்த ரோட்டுலயே போயிட்டாரு."

சொல்லிவிட்டுத் தலை நிமிர முடியவில்லை. யூஜின் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

அவர் எழுந்து நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டார். "யாங் ஆரிப், அப்ப நான் யாரு? ரெண்டாவது புருஷனா?"

மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கி அதை மலாயில் சொன்னார். நீதிபதி அம்மாள் பேனாவை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீலும் சிரித்தார். நான்கு பேர் முன்னால் வாய் திறக்காதவர் எப்படி ஆகிவிட்டார் என்பதை அதற்குமேல் யாரும் எடுத்துச் சொல்லத் தேவை இருக்கவில்லை. வழக்கு ஜெயித்தது. அன்றிலிருந்து யூஜின் யாரிடமும் தன்னை அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொள்வார்: "நான் இன்பராணியோட ரெண்டாவது புருஷன்."

"மிஸ், நீங்களே சொல்லுங்க, எந்தப் படத்த வைக்கிறது?" என்று கேட்டாள் இன்பராணி.

சந்திரமதி இரண்டையும் பார்த்தார். "ரெண்டையும் வைங்க. முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு. அப்பத்தான் நம்ம கேஸ் நிக்கும்."

இதற்குள் உள்ளே வந்து பெட்டியைப் பார்த்ததும் அழத் தொடங்கியிருந்த புஷ்பவள்ளிகூடக் களுக்கென்று சிரித்துவிட்டாள். திமோத்தி தன் படத்தைச் சற்று நகர்த்தி இடம் விட்டான். ஜெர்சி படம் சரிந்து விழாமல் இருக்க அதன் பின்னால் ஒரு மெழுகுவர்த்திப் பெட்டியை முட்டுக் கொடுத்தான்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். அவன் போகவில்லை. காலியான கூடாரத்தில் உட்கார்ந்திருந்தான். இன்பராணி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணி, அவரு எப்படி இருந்தாரு?"

"எவரு?"

"இவருதான். இந்த எட்டு வருசமா இருந்தவரு. நான் கிறிஸ்மஸுக்கு வந்து கேக் சாப்பிட்டுட்டுப் போயிடுவேன். ஒண்ணுமே தெரியாது எனக்கு."

அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவனருகே போட்டு உட்கார்ந்தாள்.

"ஒருநாள் ராத்திரி பாசார் மாலாம் சந்தைக்குப் போனோம் தம்பி. மீன்காரர்கிட்ட போயி, 'இந்த மீன் எதுக்கு என்னையே மொறைக்குது'ன்னு கேட்டு, பெரிய சண்ட..."

திமோத்தியின் தோள்கள் குலுங்கின. கையிலிருந்த தேத்தண்ணி சட்டையில் கொட்டியது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"அப்புறம்?" என்றான்.

கூடாரத்தைப் பிரிக்க வந்த ஆட்கள் இவர்கள் இருவரின் நாற்காலிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அடுக்கினார்கள். அடுக்கி முடித்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வேனின் விளிம்பில் போய் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.