நாலு மில்லிமீட்டர்

கண்ணாடிக்கடைக்காரருக்கு நாற்பத்தொன்பது வயது. யாரும் கேட்காமலே அதைச் சொல்லுவார். "அம்பதைத் தொடப்போறேன், இன்னும் கண்ணாடி போடலை பாருங்க" என்று, கண்ணாடி வாங்க வந்தவர்களிடமே பீற்றிக்கொள்ளுவார். வந்தவர்கள் பாவம், தங்கள் கண்களை நொந்துகொண்டே பிரேம் பார்ப்பார்கள்.

அத்தனையும் வெறும் வாய்ச்சவடால். இரண்டு வருடமாகக் கிட்டத்தில் இருப்பது எதுவும் அவருக்குத் துலங்கவில்லை. ரசீதைக் கையை நீட்டிப் பிடித்துப் படிப்பார். ஸ்க்ரூ முடுக்குவதென்றால் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுப்பார். கல்லாவில் உட்காரும் மனைவிக்கு இதெல்லாம் தெரியும். "கடை முழுக்கக் கண்ணாடி. ஒண்ணை எடுத்து மாட்டிக்கிட்டா என்ன, கிரீடமா இறங்கிடும்?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துவிட்டது.

தபால்காரம்மா அந்தக் கடைக்கு வந்தது இரண்டு மாதத்துக்கு முன்னால். தினம் பதினாறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துத் தபால் கொடுக்கிறவள். சாலைக்கு ஒரு கண்ணாடி, விலாசம் படிக்க ஒரு கண்ணாடி. வாசலுக்கு வாசல் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டி ஓய்ந்துபோயிருந்தாள். கண் டாக்டர் மல்டிஃபோகல் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"சைக்கிள்ல போறதுக்கு ஒத்து வருமா சார்?"

"ஏன் வராது? மேல் பக்கம் தூரத்துக்கு, நடுவுல கை நீளத்துக்கு, அடியில படிக்க. ஓரத்துல கொஞ்சம் கலங்கும். அதனால கண்ணை மட்டும் ஓட்டாம தலையோட திரும்பிப் பாக்கணும். அவ்வளவுதான்."

பிரேம் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் ஆனது. அவள் ஆசைப்பட்ட ஒடுக்கமான பிரேமை வாங்கி ஓரமாக வைத்தார். மூன்று பவரும் அடங்க லென்ஸ் உயரமாக வேண்டும் என்றார். வேர்வையில் வழுக்கி இறங்கினால் எல்லாம் இடம் மாறிவிடும் என்று, காதைக் கவ்விப் பிடிக்கிற ஒன்றை மாட்டித் தலையை உலுக்கச் சொன்னார். அந்த அரை மணி நேரமும் அவர் தொழிலில் ஒரு குறை சொல்ல முடியாது.

அப்புறம் புள்ளி வைக்க வேண்டும். பிரேமை முகத்தில் மாட்டி, நேரே பார்க்கச் சொல்லி, கண்மணிக்கு நேராகப் பேனாவால் பிரேமோடு வரும் மாதிரி லென்ஸில் ஒரு புள்ளி. அடி விளிம்பிலிருந்து அது எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதி அனுப்பினால், அந்த இடத்தை வைத்துத்தான் லேபில் லென்ஸைச் செய்வார்கள். எதிரே போய் உட்கார்ந்ததும் அவள் முகமே அவருக்குக் கலங்கலாகிவிட்டது. ரசீது என்றால் தள்ளிப் பிடிக்கலாம், ஆளைத் தள்ளிப் பிடிக்க முடியுமா? உத்தேசமாகப் பேனாவை வைத்தார். இருபத்திரண்டு என்று எழுதினார்.

கண்ணாடி வந்து ஒரு வாரத்தில் அவளும் வந்தாள்.

"தலையைக் குனிஞ்சு, புருவத்துக்கு அடியிலேர்ந்து பாத்தாதான் ரோடு தெரியுது சார். எதிர்ல வர்றவங்க நான் முறைக்கறேன்னு நினைக்கறாங்க."

தொழில் தெரிந்தவனுக்கு இந்த ஒரு வரி போதும். புள்ளி மேலே போய்விட்டது என்று அர்த்தம். அவருக்கும் அது புரிந்தது. ஆனால் வாய், "புதுசுல எல்லாருக்கும் அப்படித்தாம்மா. ரெண்டு வாரத்துல பழகிடும்" என்றது. இரண்டாம் தடவை வந்தபோது மூக்குத் தாங்கியைக் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தார். மூன்றாம் தடவை அவள் கெஞ்சாத குறையாகக் கேட்டதால், லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்படிப்பட்ட லென்ஸில் அடையாளத்துக்குப் பொடி வட்டங்கள் செதுக்கியிருப்பார்கள், அவற்றை வைத்து இடம் சரியா என்று சொல்லிவிடலாம். "எல்லாம் கச்சிதமா இருக்கு. நீங்கதான் மனசை ஒருநிலைப்படுத்தணும்" என்றார். அன்று இரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று மதியம் நாலாம் தடவையாக அவள் வந்தாள். முழங்கையில் கட்டு, கண்ணாடியில் ஒரு காதுக்கம்பி கோணல்.

"வேகத்தடை கிட்ட வந்ததே தெரியல சார். விழுந்துட்டேன். இதை மட்டும் நிமித்திக் குடுங்க, உக்காந்து வேலை பாக்கறப்போ போட்டுக்கறேன்."

மனைவி கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். கண்ணாடியை வாங்கி, தன் மூக்குக்கண்ணாடி வழியாக அந்தப் பொடி வட்டங்களைத் தேடிப் பிடித்து, பேனாவால் குறித்தாள். கோணலை நிமிர்த்தி, தபால்காரம்மாவுக்கு மாட்டிவிட்டு நேரே பார்க்கச் சொன்னாள். குறி கண்மணிக்கு மேலே நின்றது. அளந்தாள். நாலு மில்லிமீட்டர். பிறகு திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"லேப்ல தப்பு பண்ணிட்டாங்க போல" என்றார் அவர். சொன்ன கையோடு அவருக்கே கூசியது.

தபால்காரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ என் கண்ணுல கோளாறு இல்லையா? நான் ஒரு மண்டு சார். கண்ணு ஒத்துழைக்கல, சைக்கிள் முடியாது, ஆபீசுக்குள்ளயே வேலை குடுங்கன்னு நேத்துதான் எழுதிக் குடுத்தேன். என் ரூட்டை நாளைக்கு வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. நீங்க மூணு தடவை பொறுமையா பாத்தீங்க. எனக்குத்தான் பழகிக்கத் துப்பில்லைன்னு நினைச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

"லேப் மேல தப்பில்லைம்மா. புள்ளி வச்சது நான். எனக்குக் கிட்டத்துல கண்ணு தெரியாது. ரெண்டு வருஷமாவே தெரியாது."

தபால்காரம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

"அப்போ அன்னிக்கு லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பாத்தீங்களே, எதைப் பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கலைம்மா. பாக்கற மாதிரி நின்னேன்."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தார். அவளோ மெதுவாகத்தான் பேசினாள். "விழுந்தப்போ பின்னாடி ஒரு லாரி சார். டிரைவர் பிரேக் போட்டான்."

அவர் தரையைப் பார்த்தார். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்து, லாரிக்கு முன்னால் அதற்கு என்ன மதிப்பு என்று தோன்றி, அங்கேயே நின்றுவிட்டது. மனைவி ஒரு வார்த்தை சமாதானம் சொல்லமாட்டாளா என்று பார்த்தார். அவள் தபால்காரம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரும்மா. புது லென்ஸுக்கு நான் குறிச்சுத் தரேன்."

"லென்ஸ் இருக்கட்டும் அக்கா. எனக்கு ஒரு லெட்டர் வேணும். கண்ணு நல்லாத்தான் இருக்கு, கண்ணாடிதான் தப்புன்னு, கடைத் தாள்ல, சார் கையால. அஞ்சு மணிக்குள்ள மேலதிகாரி மேசைக்குப் போனா, என் ரூட்டு தப்பிக்கும்."

மணி நாலேகால். கடைத் தாளை எடுத்து உட்கார்ந்தார். எழுத்து கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கை பழக்கத்தில் ஓடியது. அளவு எடுத்ததில் தவறு என்னுடையது என்று எழுதினார். வாடிக்கையாளர் குறை சொல்லி மூன்று முறை வந்தும் நான் சரிபார்க்கவில்லை என்று எழுதினார். அந்த வாக்கியத்தில் மட்டும் பேனா இரண்டு இடத்தில் நின்றது. கடைசியில் கையெழுத்துக்கு ஒரு கோடு இழுத்து, தேதி போட்டு, கையெழுத்தையும் போட்டு நீட்டினார்.

தபால்காரம்மா பழைய படிக்கிற கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து மாட்டி, வரி வரியாக வாசித்தாள். தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"கையெழுத்து மேல இருக்கிற வரியில ஏறிடுச்சு சார். நம்பமாட்டாங்க. கோடு இங்க இருக்கு."

கோட்டின் மேல் ஆள்காட்டி விரலை வைத்துக் காட்டினாள். அவர் குனிந்து, தடவிப் பார்த்து, அந்த விரலை ஒட்டினாற்போல் மறுபடி கையெழுத்துப் போட்டார்.