துரை வீட்டுத் தொட்டி

முன்கட்டு ஆசாரத்துக் கட்டிலில் புருஷன் சென்னியப்பன் பிணமாகக் கிடக்க, மருதாத்தாள் பின்கட்டில் உட்கார்ந்து பாய்லருக்குள் தென்னம்பாளையைத் திணித்துக்கொண்டிருந்தாள். இன்னும் யாரும் அழவில்லை. அழுவதற்கு முன்பு புகை வர வேண்டும். தகரக் குழாய் வழியாக அந்தப் புகை ஓட்டுக்கு மேலே எழுந்தால்தான் சென்னியப்பன் வெந்நீர்த் தொட்டியில் குளிக்கிறார் என்று ஊர் நம்பும்.

"ஆத்தா, ஆளுகளுக்குச் சொல்லி உடட்டுங்களா?" பண்ணையத்து ஆள் கருப்புசாமி கதவோரம் நின்று கேட்டான். கரும்புக்காட்டு மோட்டாரடியில் விழுந்து கிடந்தவரைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தவன் அவன்தான். சட்டையெல்லாம் ஈரம்.

"பொறு. தண்ணி காயட்டும்."

"செத்தவருக்கு எதுக்குங்க சுடுதண்ணி?"

"அவருக்கில்ல, அவரு தம்பிக்கு. தொட்டி நெறைய ஊத்தோணும். ஆரு கேட்டாலும், குளிச்சுப்போட்டு வந்து கட்டில்ல உக்கோந்தாரு, மாரப் புடிச்சுட்டுச் சாஞ்சுட்டாருன்னு சொல்லு. மோட்டாருப் பேச்சே எடுக்கப்படாது."

கருப்புசாமி குடத்தை எடுத்தான். அவனுக்கும் எல்லாம் தெரியும்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம், நெல்லியாம்பதி மலைத்தோட்டத்துத் துரை ஒருவன் பங்களாவைக் காலி செய்துகொண்டு சீமைக்குக் கிளம்பியபோது சாமான்களை ஏலம் விட்டார்கள். புத்தியுள்ளவர்கள் நாற்காலி, அலமாரி என்று வாங்கினார்கள். சென்னியப்பன் குளிக்கிற தொட்டியை வாங்கினார். இரும்புத் தொட்டி, உள்ளே வெள்ளைப் பூச்சு, நாலு காலும் புலிப் பாதம். ஒரு எருமை கால் நீட்டிப் படுக்கலாம். லாரியிலிருந்து அது இறங்கியபோது எருத்தேன்பதியே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. மலையாளத்து எல்லைக்குள் இருந்தும் மழை பேருக்குப் பெய்கிற ஊர். சித்திரையில் பச்சைத் தண்ணீரே உடம்பைச் சுடும். அந்த ஊரில் கழுத்தளவு வெந்நீரில் ஊறிக் கிடக்க ஆசைப்பட்ட ஒரே மனிதன் தனக்கு வாய்த்ததை நினைத்து மருதாத்தாள் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் தம்பி சின்னையன் மட்டும் வாய்விட்டுச் சிரித்தான். "ஆறு மாசத்துல இதுல மாட்டுக்குத் தவுடு கலக்கப் போறீங்க, பாருங்கண்ணா."

"சாகற வரைக்கும் இதுலதான்டா குளிப்பேன்" என்று அத்தனை பேருக்கு முன்னால் சென்னியப்பன் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாயால்தான் எல்லாம் வந்தது.

முதல் மாசம் மெய்யாகவே சந்தோஷம்தான். மருதாத்தாள் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்ற, மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கிடந்து, வெற்றிலை போட்டவர் மாதிரி முகம் சிவந்து வெளியே வருவார். வில்லேஜாபீசர் மலையாளத்தில், "சுகம் தன்னே?" என்று கேட்டால், "பின்னே!" என்பார். பிறகு ஒவ்வொன்றாகக் குறை முளைத்தது. குளித்துவிட்டு வந்தால் வேர்த்துக் கொட்டியது. விரலெல்லாம் சுருங்கியது. எழுந்தால் வழுக்கியது. தனியாக மல்லாந்து ஓட்டுப் பல்லியைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவனால் எத்தனை நாள்தான் முடியும்? விளிம்பில் படிந்த சோப்பு அழுக்கைச் செங்கல்பொடி போட்டுத் தேய்த்தவளுக்கு அந்தக் கேள்வி கேட்கிற உரிமைகூட இல்லை.

ஒருநாள் விடிவதற்கு முன்பு அவர் சோப்பை மடியில் கட்டிக்கொண்டு திருடன் மாதிரிக் கரும்புக்குள் போனார். மோட்டார்க் குழாயடியில் தலையைக் கொடுத்துக் குளித்துவிட்டு, பின்வழியாக வந்து குளியலறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். முக்காலியில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே வந்தார். அன்றிலிருந்து தினமும் அதே கூத்து. அவர் உள்ளே உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் இவள் வெறும் பாய்லருக்குப் புகை போட்டாள். எனக்குச் சலித்துப்போச்சு என்று நாலு பேரிடம் சொன்னால் வானமா இடிந்து விழும்? இப்படி ஒரு கையாலாகாத வீம்பை அவள் எந்த ஆம்பிளையிடமும் பார்த்ததில்லை. ஆனாலும் புகை போட்டாள். அவள் கட்டிக்கொண்டவள், எவ்வளவு வேண்டுமானாலும் அவரை இளப்பமாக நினைப்பாள். சின்னையன் நினைக்கக் கூடாது. அவன் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க அவளால் ஆகாது.

தொட்டி நிறைந்தது. மருதாத்தாள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஆசாரத்துக்குப் போய், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஊருக்குக் கேட்கும்படி அழத் தொடங்கினாள்.

வந்தவர்கள் பிணத்தின் காலைத் தொட்டுவிட்டு நேரே குளியலறைக்குத்தான் போனார்கள். ஆவி பறக்கிற தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, கோயிலுக்குள் போய் வந்த முகத்தோடு திரும்பினார்கள். "மவராசன், கடைசி வரைக்கும் சொகமா வாழ்ந்துட்டாரு" என்றாள் ஒருத்தி. வாழ்ந்த லட்சணத்தை மருதாத்தாள் மனசுக்குள் கரித்துக் கொட்டினாள்.

சின்னையன் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று காதைத் திருப்பினான்.

"மோட்டாரு ஓடுதே. ஆரு போட்டது?"

மருதாத்தாள் ஒப்பாரியைப் பாதியில் விட்டாள். அவரைத் தூக்கி வந்த அவசரத்தில் மோட்டாரை யாரும் நிறுத்தவில்லை. மோட்டார் மட்டுமா? கழற்றி வைத்த வேட்டி, சோப்பு, மூக்குக் கண்ணாடி எல்லாம் குழாயடியிலேயே கிடந்தன.

"நாந்தான் தம்பி. கரும்புக்குத் தண்ணி உட்டேன். கருப்புசாமி போயி நிறுத்துவான்."

"அவன் எழவு சொல்லப் போயிருக்கறான். நா போறனுங்க அண்ணி."

செத்தவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற பொம்பளை எழுந்து ஓட முடியாது. அவள் உட்கார்ந்தபடியே காத்திருந்தாள். மோட்டார்ச் சத்தம் நின்றது. சின்னையன் வரவில்லை. இப்போது பார்த்திருப்பான். இப்போது சிரித்துக்கொண்டிருப்பான். வந்ததும் பந்தலில் நின்று சொல்வான், பாடை கட்டுகிறவன்கூடச் சிரிப்பான். கட்டிலில் கிடந்த மனிதனை ஓங்கி ஒரு அறை விடலாமா என்று வந்தது அவளுக்கு.

சின்னையன் பின்வழியாக வந்தான். கக்கத்தில் துண்டுச் சுருட்டல் ஒன்று இருந்தது. அவளைப் பார்க்காமல் குளியலறைக்குள் போய், வெறுங்கையோடு வெளியே வந்தான். பந்தலில் நாலு பெரியவர்களுக்கு நடுவில் நின்று தொண்டையைச் செருமினான்.

"சாகற வரைக்கும் அதுலதான் குளிப்பேன்னு எங்கண்ணன் சொன்னாருங்க. சொன்னாப்பலயே செஞ்சுட்டாரு. அன்னிக்கு நாந்தான் வெவரமில்லாம சிரிச்சுப்போட்டேன்."

அவன் சிரித்திருந்தால் மருதாத்தாளுக்கு வசதியாக இருந்திருக்கும். இத்தனை வருஷம் சேர்த்து வைத்த ஆத்திரத்தையெல்லாம் அவன்மேல் கொட்டியிருப்பாள். இப்போது அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இவனுடைய தயவு யாருக்கு வேண்டும் என்று பல்லைக் கடித்தாள்.

எண்ணெயும் அரப்பும் வைத்துக் குளிப்பாட்டி, கோடித்துணி போர்த்தி, மத்தியானத்துக்கு மேல் எடுத்தார்கள். தப்பட்டைச் சத்தம் காட்டுப் பக்கம் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் குளிக்கக் கிளம்பினார்கள். சின்னையன் பெண்டாட்டி பொன்னாத்தாள், மருதாத்தாளின் கையைப் பிடித்துக் குளியலறை வாசலுக்குக் கூட்டிவந்தாள்.

"அக்கா, அவரு கடைசியாக் குளிச்ச தண்ணிங்க. நீங்க அதுலயே ஒருக்கா முழுகிட்டு வாங்க." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் விரல்கூடப் படாத தண்ணீர் என்று எப்படிச் சொல்வது? மருதாத்தாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கொடியில் வேட்டி தொங்கியது. ஒட்டியிருந்த செம்மண்ணை யாரோ அலசிவிட்டிருந்தார்கள். தொட்டி விளிம்பில் சோப்பும் கண்ணாடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, குளித்தவர் இப்போதுதான் எழுந்து போனதுபோல.

அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சேலையோடு தொட்டிக்குள் இறங்கினாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அதில் இறங்கியதில்லை. ஓட்டு வெக்கையில் தண்ணீர் இன்னும் ஆறாமல் வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். குடம் சுமந்த இடுப்பும் முதுகும் மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தன. நன்றாகத்தான் இருந்தது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா," கதவுக்கு வெளியே பொன்னாத்தாள் கூப்பிட்டாள். "அழுவாதீங்க அக்கா. நேரமாச்சு, வாங்க."

மருதாத்தாள் அழவில்லை. தண்ணீரைத் தாடை வரைக்கும் ஏற்றிக்கொண்டு ஓட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"பொன்னாத்தா, பாய்லர்ல இன்னுஞ் சூடு இருந்தா ஒரு கொடம் கொண்டா" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.