கடித்துக் காட்டிய கிலுகிலுப்பை

பிச்சைக்கண்ணு அண்ணாச்சி பல்லை வைத்தே வியாபாரம் செய்த மனிதர். அம்பாசமுத்திரத்தில் என் கருப்பட்டிக் கடைக்கு அடுத்தது அவருடைய மரச்சொப்புக் கடை. பிள்ளைக்காரி யாராவது வந்து தயங்கினால் போதும், ஒரு பழைய கிலுகிலுப்பையை நறுக்கென்று கடித்து நாக்கை நீட்டிக் காட்டுவார். சாயம் ஒட்டியிருக்காது. மரக்கிளையில் பூச்சி கட்டுகிற அரக்கைச் சுரண்டி, உருக்கி, வண்ணம் சேர்த்த கட்டியாம். கடைசல் எந்திரத்தில் மரம் சுற்றும்போது அதை வைத்து அழுத்தினால் சூட்டில் இளகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளுமாம். பச்சைப்பிள்ளை சப்பினாலும் ஒன்றும் செய்யாதாம். கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிருந்தது.

தொண்ணூற்று நாலு ஆடியில் பாளையங்கோட்டையிலிருந்து கரோலின் டீச்சர் கைக்குழந்தையோடு வந்தார். லேசில் விடுகிற ஆளில்லை. பழசை வைத்துவிட்டு, தான் வாங்கப்போவதையே கடிக்கச் சொன்னார். அதற்கென்ன என்று அண்ணாச்சி முந்தின நாள் கடைந்த புதுச் சிவப்பில் ஒன்றை எடுத்துக் கடித்தார். புது வியாபாரி ஒருவனிடம் வாங்கிய அரக்கு. பளபளப்பைப் பாரும் என்று காலையில்தான் என்னிடம் பீற்றிக்கொண்டிருந்தார்.

நாக்கை நீட்டினார். நாக்கு, உதடு, பல் எல்லாம் ரத்தச் சிவப்பு. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுபோயிற்று. விரலால் நாக்கைத் தடவிப் பார்த்தார்.

"இது அரக்கில்லவே. என்னத்தையோ கலந்திருக்கான்."

கடையைப் போட்டது போட்டபடி வீட்டைப் பார்த்து ஓடினார். அந்தப் புதுச் சிவப்பில் முதல் உருப்படியைக் காலையில் தன் எட்டு மாத மகள் கையில் கொடுத்துவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அவர் மனைவி செல்லக்கிளி மதினி முற்றத்தில் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். பிள்ளையின் வாய், கன்னம், சட்டை எல்லாம் சிவப்பு. கிலுகிலுப்பையில் பாதிக்கு வெள்ளை மரம் தெரிந்தது. அண்ணாச்சி அதைப் பிடுங்கினார். பிள்ளை வீறிட்டது.

மதினிக்கு எதுவும் விளங்கவில்லை.

"காலையில இருந்தே சேப்பா வடியுது. தொடச்சுத் தொடச்சு விட்டேன்," என்றாள். "வாங்கி வச்சிரலாம்னுதான் பாத்தேன். அரக்குத்தான, உள்ள போனாலும் ஒண்ணும் செய்யாதுன்னு நீங்கதான ஊருக்கே கடிச்சுக் காட்டுதிய."

அண்ணாச்சி சிவந்த வாயைத் திறந்தார், மூடினார். பிடுங்கிய கிலுகிலுப்பையோடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். பிள்ளையை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான்தான்.