சனத்தின் வேகம்

வினோஜனுக்குக் கிடைத்தது அந்த ஒரு பின்னேரம்தான். வந்திருந்த இசைக்குழுவுக்கு அவனுடைய வாசிப்புப் பிடித்துக்கொண்டால் ரொறொன்ரோ தொடங்கி வன்கூவர் வரை மீதிப் பயணம் முழுக்க அவன்தான் கீபோர்ட். பிடிக்காவிட்டால் பழையபடி புவாண்ட்-கிளேரில் உள்ள களஞ்சியத்தில் பெட்டி அடுக்கவேண்டியதுதான்.

பொஸ்னியாவிலிருந்து வந்த ‘பிளாவி பெரோன்’ குழுவின் கீபோர்ட்காரருக்கு விசா கிடைக்கவில்லை. மண்டபங்களுக்கு ஸ்பீக்கர் பூட்டுகிற அன்டன் அண்ணைதான், பங்குக் கோயிலில் பூசைக்கு வாசிக்கிற வினோஜனைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டார்.

“ஆர் அண்ணை இவங்கள்?”

“ஒரு காலத்தில ஸ்டேடியம் நிறைச்ச ஆக்கள். பள்ளிக்கூடத்தில தொடங்கினவங்கள். சண்டை வர நாலு நாட்டுக்குச் சிதறி, பேந்து சேர்ந்தவங்கள். பேந்து பாட்டுக்காரன் கோவிச்சுக்கொண்டு போயிட்டான். இப்ப பாடுறது டாமிர். அவன் வந்து பத்து வருசமாகியும் சனம் புதுப் பெடியன் எண்டுதான் சொல்லுது.”

“எங்கட சங்கங்கள் மாதிரியெல்லோ கிடக்கு.”

பழைய பாட்டுக்காரரின் மெதுவான காதல் பாட்டொன்றை டாமிர் வேகப்படுத்தி வைத்திருந்தார். “இது என்னுடைய வேகத்தில்தான் போகவேண்டும்” என்று ஒத்திகையில், வினோஜனுக்கு விளங்கட்டும் என்று பிரெஞ்சில், இரண்டு தடவை சொன்னார்.

மண்டபம் அவர்களின் நாட்டுச் சனத்தால் நிறைந்திருந்தது. அந்தப் பாட்டு வந்ததும் டாமிர் மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டினார். சனம் பாடியது, ஆனால் பழைய வேகத்தில், ஆற அமர. வினோஜன் விட்டுக்கொடுக்காமல் டாமிரின் வேகத்தையே பிடித்திருக்கவேண்டும். ஆனால் கோயிலில் முன்வரிசை திரேசம்மா அக்கா இழுத்துப் பாடினால் அவனும் இழுப்பான். பூசையில் பாட்டு சனத்தினுடையது. விரல்கள் அவனைக் கேட்காமலே அந்தப் பழக்கத்துக்குப் போய்விட்டன. ட்ரம்ஸும் கிற்றாரும் அவனோடு சேர்ந்து வேகத்தை இறக்கின. டாமிர் தன் வேகத்துக்குக் காலால் மேடையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு மைக்கைத் தாங்கியில் வைத்துவிட்டு நின்றார். மிச்சப் பாட்டு முழுவதையும் சனமே பாடி முடித்தது. கன பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் டாமிரும் கிற்றார்காரர் ஸ்லாவ்கோவும் தங்கள் மொழியில் கத்திச் சண்டை பிடித்தார்கள். பேஸ் வாசிக்கிறவர் வந்து வினோஜனின் கன்னங்களில் மூன்று தடவை கொஞ்சிவிட்டுப் போனார். நன்றியா, பிரியாவிடையா என்று தெரியவில்லை.

வீட்டிலிருந்து மனைவி ஷெரோன் போன் எடுத்தாள். “என்னப்பா, கிடைச்சுதோ?”

“தெரியேல்லை. ஒருத்தர் கொஞ்சுறார், ஒருத்தர் ஏசுறார்.”

“உங்களையோ ஏசுறார்?”

“அதுவும் தெரியேல்லை.”

டாமிர் தன் பெட்டியை இழுத்துக்கொண்டு அவனைப் பாராமலே வெளியேறினார். ஸ்லாவ்கோ ஸ்பீக்கர் ஒன்றின்மேல் இருந்தார்.

“நாளைக் காலையில் வான் வரும். உடுப்புக் கட்டிக்கொண்டு வா.”

“டாமிர்?”

“அவன் வரமாட்டான்.”

“அப்ப ரொறொன்ரோவில் யார் பாடுவது?”

ஸ்லாவ்கோ வெறுமையாகிக்கொண்டிருந்த மண்டபத்தைப் பார்த்தார். “எனக்கும் தெரியாது” என்றார். “நீ இன்றைக்கு வாசித்த மாதிரியே வாசி.”

இன்றைக்கு வாசித்தது பிழை என்று சொல்ல வினோஜன் வாயெடுத்தான். அதை விட்டுவிட்டு, போனில் ஷெரோனுக்கு ‘கிடைச்சிட்டுது’ என்று எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அனுப்பினான்.